இரண்டு கொடியையும் பார்த்தவள்

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு வினாடி வினா வந்தது. சுதந்திர தினத்தைப் பற்றிப் பத்துக் கேள்வி. ஏழுக்குச் சரியாகச் சொன்னேன். 'நீங்கள் உண்மையான தேசபக்தர்' என்று போன் சான்றிதழ் கொடுத்தது. எட்டாவதையும் சொல்லியிருந்தால் தியாகி பென்ஷனே கிடைத்திருக்கும்.

ரொம்பவும் சிரிக்க முடியவில்லை. இந்தக் கூத்தை நானே ஒருமுறை நடத்தியிருக்கிறேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். கூலி நெல்லுக்காகச் சண்டை நடந்த வருஷங்கள். ஊரில் ஒற்றுமையைக் காட்ட வேண்டும் என்று ஹெட்மாஸ்டருக்குத் தோன்றிவிட்டது. ஆகஸ்ட் பதினைந்தன்று ஊருக்கே வினாடி வினா. பரிசு ஓர் எவர்சில்வர் தூக்கு. தலைமை, ஊர் மிராசுதார். சுதந்திரம் பற்றிப் பேச அவரை விட்டால் யார்? உச்சவரம்புச் சட்டம் வந்தபிறகு அவர் நிலமெல்லாம் செத்துப்போன அத்தைகள் பேரில் சுதந்திரமாகத்தானே இருந்தது.

கேள்விகளை நான்தான் எழுதினேன், பெரிய மேதை மாதிரி. கொடியிலுள்ள சக்கரத்தில் எத்தனை ஆரங்கள்? முன்வரிசையில் இருந்த மிராசுதாரின் மைத்துனர், பி.ஏ. படித்தவர், "பதினாறு" என்றார். மாட்டுவண்டியை நினைத்தாரோ என்னவோ.

மிட்டாய்க்காகப் பின்னால் நின்ற பெண்களிடையே ஒரு குரல்: "இருபத்தி நாலுங்க டீச்சர்." வீரம்மாள். மிராசுதார் வயலில் நடவு நட்டவள். அதற்குப்பிறகு எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி, ஆகஸ்ட்டில் கொடியேற்றுவதற்கும் ஜனவரியில் ஏற்றுவதற்கும் என்ன வித்தியாசம் என்பது.

"ஆகஸ்ட்டுல கீழேருந்து மேல ஏத்துவாங்க. ஜனவரியில மேலேயே கட்டி வச்சிருந்து அவுத்து விடுவாங்க."

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"ரெண்டையும் ஜெயில்ல நின்னு பாத்தங்க சார்."

அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டவள். வெளியூர் ஆட்களை இறக்கியபோது வயலைவிட்டு ஏற மறுத்ததற்கு எட்டு மாதம் உள்ளே இருந்தாள். புகார் கொடுத்தவர் மேடையில் உட்கார்ந்து மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுக்கு நான் என் கையால குடுக்கணுமா?" என்றார்.

ஹெட்மாஸ்டர் என் காதருகே குனிந்தார். "சமம்னு சொல்லிடுங்க டீச்சர். உங்க வேலை இன்னும் பர்மனென்ட் ஆவல."

போட்டி சமனில் முடிந்தது என்று மைக்கில் அறிவித்தேன். தேசபக்தி சொல்லிக்கொடுத்த வாய்.

வீரம்மாள் மேடையருகே வந்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள். "நான் சொன்னதுல எது தப்புங்க டீச்சர்?"

"எதுவும் தப்பில்ல" என்றேன். அவளுக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்தேன், மைக் ஓடிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் நான் காட்டிய வீரம் அவ்வளவுதான், அதுவும் மைக்செட்காரர் தயவில்.

பெண்கள் கைதட்டினார்கள். வீரம்மாள் மேசையிலிருந்து தூக்கைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஒருவரும் தடுக்கவில்லை. மிராசுதார் காரில் ஏறினார். அடுத்த மாதமே என்னை நீடாமங்கலம் பக்கம் தூக்கியடித்தார்கள்.

போன தை மாதம் அந்த ஊருக்குப் போனேன். மிராசுதார் வீடு கல்யாண மண்டபமாகியிருந்தது. வீரம்மாள் போய்ச் சேர்ந்து பல வருஷமாம். அவள் மகள் சொந்தமாக ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, வைத்திருக்கிறாள். அறுவடையைக் காட்டக் கூட்டிப்போனாள். வயலில் ஒரே ஒரு இயந்திரம். அரிவாளோடு ஒருத்தியும் இல்லை.

"எங்கம்மா ஜெயிலுக்குப் போன கூலிய இப்ப குடுக்க நான் ரெடிதாங்க டீச்சர்" என்றாள். "வாங்கத்தான் ஆளில்ல."