ஐந்தாம் மாடியில் அறுநூறு

காற்று விஷயத்தில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டார்கள். பெரிய பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்று அனுப்பும் யந்திரத்துக்கு, தொழில்காரர்கள் வாயில் ஏஎச்யூ, புரோகிராம் எழுதுவது அவள் பிழைப்பு. பத்தொன்பது வருஷமாக அதேதான். சைட்டில் காத்துக்காரி என்றால் வாட்ச்மேன்கூட வழி விடுவார். சொந்தக்காரர்களுக்குத்தான் இது ஏறவே ஏறாது. "எங்க வீட்டு ஏசில தண்ணி ஒழுகுது, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்பாள் சித்தி. "நான் ரிப்பேர் பாக்குறவ இல்ல சித்தி, மெஷின் எப்போ எவ்வளவு ஊதணும்னு எழுதிக் குடுக்கிறவ" என்று இவள் விளக்குவாள். "அதான், எப்போ வர்றே?" என்பாள் சித்தி.

அவள் புரோகிராம் எழுதிக் கொடுத்த ஒரு கட்டடத்தில்தான் அவள் அண்ணிக்கு வேலை. ஐந்தாம் மாடியில், போனில் புகார் கேட்கிற ஆபீஸ். நூற்றைம்பது பேர், திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள். அங்கே அண்ணி வேலை நேரத்தில் தூங்கி மூன்று தடவை பிடிபட்டாள். மூன்றாவது மெமோ கையில் வந்த பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை விசாரணை. சரியான பதில் சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

அண்ணியாவது, பகலில் தூங்குவதாவது. விடியற்காலை ஐந்துக்கு எழுந்தால் படுக்கிற வரைக்கும் கால் ஓரிடத்தில் நிற்காத பொம்பளை. அவளைப் போய் ஆபீஸில் கும்பகர்ணனுக்குத் தங்கச்சி என்று கேலி பண்ணினார்கள். பாவம், அவளும் ரத்தம் கொடுத்துப் பரிசோதனை பண்ணிப் பார்த்தாள், சத்து மாத்திரை விழுங்கினாள். ஒன்றும் கேட்கவில்லை.

"மத்தியானம் மூணு மணியானா தலை கனக்குது, கண்ணு தானா சொருகுது. பக்கத்து சீட்டுக்காரிங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தானாம்" என்றாள் அண்ணி.

காத்துக்காரிக்குச் சுருக்கென்றது. ஒருத்திக்குத் தூக்கம் வந்தால் அலுப்பு என்று சொல்லலாம். மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் வந்தால் அது காற்றுக் கோளாறு.

பராமரிப்பு இன்னும் அவள் கம்பெனியிடம் இருந்ததால், மறுநாள் காலை நேரே அந்தக் கட்டடத்து மெஷின் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஆட்கள் மூச்சு விட விட, கூடத்தில் கரியமில வாயு ஏறும். அதை ஒரு சென்சார் அளக்கும். அளவு பத்து லட்சத்துக்கு எண்ணூறு பங்கைத் தாண்டினால் டேம்பர் என்கிற தகட்டுக் கதவு அகலத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். திரையில் ஐந்தாம் மாடி அளவு அறுநூறு. நேற்றும் அறுநூறு. ஆளே வராத விடுமுறை நாளிலும் அறுநூறு. எட்டு மாசமாக ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரே கோடு. நூற்றைம்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்? யாரோ எண்ணைக் கையால் பூட்டி வைத்திருக்கிறார்கள், அதனால் டேம்பர் அகலத் திறக்கவே இல்லை. எவன் பூட்டினான் என்று கொதிப்போடு தேடினாள். அவள் பெயரே இருந்தது.

பூட்டின தேதி, கட்டடத்தை ஒப்படைத்த நாள். ஐந்தாம் மாடி சென்சார் வந்து சேரவில்லை. எண் வராவிட்டால் திரை சிவப்பு, சிவப்பிருந்தால் ஆய்வில் தேறாது. ஐந்தாம் மாடி ஆபீஸ் மேனேஜர் தலைமேல் நின்றார். அறுநூறு என்று பூட்டிவிட்டாள். சைட்டில் எல்லாரும் செய்கிறதுதான், பிறகு எடுத்துவிடுவார்கள். ‘சென்சார் மாட்டியதும் பூட்டை எடுக்கவும்’ என்று ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சைட்டுக்கு ஓடிவிட்டாள். எழுதிக் கொடுத்தால் கடமை தீர்ந்தது என்று நினைத்தாள் பாருங்கள், அவள் பண்ணின தப்பு அதுதான். அவள் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அந்தத் தாள் அலமாரி ஃபைலில் இருந்தது. அவள் எழுதின வரிக்குப் பக்கத்திலேயே மேனேஜர் பேனாவால் எழுதியிருந்தார்: ‘மாட்டியாச்சு. ஆனால் கரண்ட் நல்லா மிச்சமாகுது. அப்படியே இருக்கட்டும்.’ கீழே கையெழுத்து. வெளிக்காற்று சூடு, அதைக் குளிர வைக்கக் கரண்ட் ஆகும், வாஸ்தவம். அதற்காக ஒருத்தர் விட்ட மூச்சையே இன்னொருத்தர் இழுக்கட்டும் என்று விட்டுவிடுவதா? மிச்சம் பிடிக்க வேறு இடமே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? அண்ணியின் மூன்று மெமோவிலும் அதே கையெழுத்து. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்தாம் மாடி மீட்டிங் அறையில் விசாரணை. தலைமை இடத்திலிருந்து வந்த பெரிய மேடம் நடுவில், மேனேஜர் பக்கத்தில், எதிரில் அண்ணி. யாரும் கூப்பிடாமலே காத்துக்காரி லேப்டாப்போடு உள்ளே போனாள்.

"குடும்ப விஷயத்தை இங்க கொண்டு வராதீங்க" என்றார் மேனேஜர்.

"இது காத்து விஷயம் சார்" என்று சொல்லிவிட்டு, மேடம் பார்க்கப் பூட்டை எடுத்தாள். திரையில் அறுநூறு போய் இரண்டாயிரத்து நூற்று நாற்பது வந்தது, சிவப்பில். பாதிக் கொட்டாவியில் இருந்த மேடம் வாயை மூடிக்கொண்டார்.

"சென்சார் பழுதா இருக்கும் மேடம்" என்றார் மேனேஜர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். அதற்குள் கூரைக்கு மேலே காற்றின் சத்தம் மாறியது. டேம்பர் திறந்துவிட்டது. பதினைந்து நிமிஷம் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஆயிரத்து அறுநூறு என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது. பழுதான சென்சார் இப்படி இறங்குமா? தாளை மேஜைமேல் வைத்தாள்.

"முதல்ல பூட்டினது யாரு?" என்று கேட்டார் மேடம்.

"நான்தான் மேடம். எடுக்க வேணாம்னு எழுதினது சார்."

மேனேஜர் தாளைப் பார்த்தார். மூன்று மெமோவும் ரத்து என்று மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணியைப் போகச் சொல்லிவிட்டு, "நீங்க இருங்க" என்றார் மேனேஜரிடம்.

வராந்தாவுக்கு வந்ததும் அண்ணி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"எட்டு மாசம். எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். உங்கண்ணன் கேட்டப்போகூட, ஆமா, நான் சோம்பேறிதான்னு ஒத்துக்கிட்டேன்."

"அண்ணி, அது வந்து..."

"ஒரு தடவை மேல வந்து பாத்திருக்கலாமே நீ" என்றாள் அண்ணி.