சத்துக்கு ஆதாரம் கேட்டவருக்கு

நேற்று நான் போட்ட மணத்தக்காளிப் பழப் படத்தின் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "இயற்கை முறையில் விளைந்தால் பழத்தில் சத்து கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டா?"

எனக்குத் தெரியவில்லை. பதில் போடாமல் விட்டுவிட்டேன்.

இன்று காலை மானாம்பதியில் எங்கள் கத்திரிக் கொல்லையில் களையெடுப்பு. சரசா அக்காவோடு இன்னும் நான்கு பேர் வந்திருந்தார்கள். கோரை, அருகு எல்லாவற்றையும் பிடுங்கியவர்கள், தானாய் முளைத்த மணத்தக்காளிச் செடிகளை மட்டும் தொடவில்லை.

"இன்னாக்கா, அதுவும் களைதானே?" என்றேன்.

"துன்றதுக்கு வுட்டிருக்கோம்மா. மத்த கொல்லைல மருந்து அட்ச்சிக் கீறாங்க, வாயில வெக்கவே பயமா கீது. உன் கொல்லைலதான் பறிச்சதும் துன்றோம்," என்று சிரித்தார் சரசா அக்கா. நாக்கெல்லாம் ஊதா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழத்தை இன்னொரு படம் எடுத்துப் பதிலாகப் போடலாம் என்று போனேன். செடிக்குச் செடி பச்சைக் காய்தான் மிச்சம்.

"அதான் காய் கீதே, வத்தல் போட்டுக்கோ," என்றார்.

ஐயா, சத்துக்கு ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. ஐந்து ஊதா நாக்குகளைப் படம் எடுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வீர்களா?