பத்து அம்பியர் பியூஸ்

அக்காவின் புருஷனை எனக்குப் பிடிக்காது. அத்தானுக்கும் என்னைப் பிடிக்காது. இருந்தும் அம்பிட்டியவில் அவர் வீட்டின் கீழறையில் இரண்டு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். பல்லேகலவில் பார்த்துவந்த வேலை போனபின் எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவருக்கு எலக்ட்ரோனிக் சர்க்கிட் போர்ட் வரையத் தெரியாது.

நாங்கள் செய்தது ஆட்டோக்களுக்கான ஒரு சின்னப் பெட்டி. பற்றரியின் பன்னிரண்டு வோல்ட்டை ஃபோன் சார்ஜ் பண்ணுகிற அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும். யாராவது ப்ளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்தால் கரண்டை உள்ளே விடாமல் தடுக்க அதில் மொஸ்பெட் என்கிற ஒரு சின்னப் பாகம் வைத்திருந்தேன். அதே வேலைக்கு டயோட் என்றால் மலிவு, ஆனால் மூடிய பெட்டிக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும். கூடவே மூன்று அம்பியர் பியூஸ். எங்கள் மெல்லிய வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது.

அத்தானுக்கு இரண்டுமே ஆகவில்லை. ஆட்டோக்காரர்கள் அதே வயரில் பாட்டுப்பெட்டியையும் கொடுப்பதால் பியூஸ் போகிறது, தினமும் ஏச்சு வாங்குவது தான்தான் என்றார். மொஸ்பெட் கொழும்பிலிருந்து வந்து சேர்வதற்குள் ஓடர் போய்விடுகிறது என்றார். பெரிய பியூஸ் போட்டால் வயர் எரியும் என்று சொன்னேன்.

"படிச்ச திமிர ஏங்கிட்ட காட்டாத" என்றுவிட்டு எழுந்து போனார்.

அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஒத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

மழை விடாத ஒரு காலையில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஓர் ஆட்டோ டிரைவர் வந்தார். வலக்கையில் கட்டு. சார்ஜ் போட்ட பற்றரியைத் திரும்ப மாட்டும்போது ப்ளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டாராம். சீற்றுக்கு அடியில் புகை கிளம்ப, எரிந்த வயரைக் கையாலேயே பிடுங்கியிருக்கிறார். மாற்றிக் கொடுத்தது உன் தப்பு என்று கதிரையிலிருந்து எழும்பாமலே சொன்னார் அத்தான்.

டிரைவர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தேன். மொஸ்பெட் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பியை வைத்து ஈயத்தால் ஒட்டியிருந்தது. பியூஸ் பத்து அம்பியர். அது போகவே இல்லை. வோல்ட்டைக் குறைக்கிற சிப் பாதி வெந்துபோய் இழுத்த கரண்ட் அந்த பியூஸை உருக்கப் போதாது. மெல்லிய வயரை எரிக்கப் போதும்.

"அவர ஏன் ஏசுறீங்க? பெட்டிய மாத்தினது நீங்கதானே" என்றேன், டிரைவருக்கும் கேட்கும்படியாக.

அத்தானின் முகம் கறுத்தது. டிரைவரோ என் பக்கம் திரும்பினார். "பெட்டி மேல ஒங்க நம்பரும்தானே இருக்கு? விக்க முந்தி ஒன்னையாவது தொறந்து பாத்தீங்களா?"

எனக்கு அவர்மேலும் கோபம் வந்தது. ஆனால் ஒன்றையும் நான் திறந்து பார்த்ததில்லை.

அன்றே என் சாமான்களைப் பையில் போட்டேன். இனி இந்தப் படி ஏறக்கூடாது என்றார் அத்தான். அக்கா அவர் பக்கத்தில் நின்றாள்.

இப்போது குண்டசாலையில் ஒரு வாடகை அறையில் அதே பெட்டியைத் தனியாகச் செய்து விற்கிறேன். போன வாரம் ரயில் ஸ்டேஷனடி ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய், அத்தானின் பெட்டி வைத்திருந்தவர்களிடம் பியூஸைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். சிலர் பார்த்தார்கள். வியாபாரப் பொறாமை என்று சிலர் சிரித்தார்கள். பின்னேரம் அக்கா கோல் எடுத்தாள்.

"எங்க சோத்துல மண்ணப் போடுறியா நீ?"

டிரைவரின் கையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் வைத்துவிட்டாள். மறுநாளும் ஸ்டாண்டுக்குப் போனேன்.