எல்லாரும் வாங்க என்று கூப்பிட்டேன்

இது கதையில்லை. நடந்தது. எனக்கு நடந்தது. பேய் என்றால் இருட்டில்தான் வரும், நாய் ஊளையிடும், விளக்கு அணையும் என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து எழுந்து போய் வேறு வேலையைப் பாருங்கள். இது பட்டப்பகலில் நடந்தது. காலை ஒன்பதேகாலுக்குத் தொடங்கி மாலை ஐந்தேகாலுக்கு முடிந்தது. முடிந்துவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

என் பெயர் கிரிசாந்தோ. ஊரில் சாந்தோ. நானும் என் தங்கை தெல்பினாவும் படம் போடுகிறவர்கள். பெரிய படமெல்லாம் இல்லை. போஸ்ட் கார்டு அளவு அட்டை, வாட்டர் கலர். எங்கள் மலை, எங்கள் ஆறு, எங்கள் கடற்கரை. மூன்று அட்டை சேர்ந்தால் ஒரு செட். அலைச்சறுக்கு ஆட வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். ஒரு செட்டை ஒரே நாளில் போட்டு முடிக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். காலையில் மலையடி, மதியம் பாலம், சாயங்காலம் முகத்துவாரம். ஆற்றோடு இறங்கி வருவோம். பிரஷ் நனைக்க அந்தந்த இடத்துத் தண்ணீரைத்தான் மொண்டு வைத்துக்கொள்வோம்.

போன நவம்பரில் தெல்பிக்கு டெங்கு வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரி. ஒரு ராத்திரி பாதிரியாரையே கூப்பிட்டுவிட்டோம். எப்படியோ பிழைத்தாள். மூன்று வாரம் கழித்து அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளியே வருகிறாள். அம்மா வாசல்வரை வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாந்தோ, அவ இன்னும் பாதி ஆளுதான். ஆத்தை விட்டுக் கிளம்பும்போது பேரு சொல்லிக் கூப்பிடு. முழுப்பேரு. மூணு தடவை. மறந்துட்டு வந்து நின்னே, உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டேன்."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். காட்டிலிருந்தோ ஆற்றிலிருந்தோ கிளம்பும்போது குழந்தையை, நோயாளியைப் பெயர் சொல்லி அழைப்போம். இல்லாவிட்டால் உடம்பு மட்டும் வண்டியேறும். உயிர் அங்கேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும். தன்னைத் தானே கூப்பிட்டுக்கொள்ள முடியாது. இன்னொருவர்தான் கூப்பிட வேண்டும்.

வண்டி இஸ்கோவுடையது. முழுப்பெயர் பிரான்சிஸ்கோ. பைக்குக்குப் பக்கத்தில் கூண்டு வைத்த மூன்று சக்கர வண்டி. இஸ்கோ என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். வாயைத் திறந்தால் நக்கல்தான்.

"என்னடி தெல்பி, கொசு கடிச்சுக் கொசு மாதிரியே ஆயிட்டியே! காத்தடிச்சா பறந்துருவ."

"நீ இருக்கியே எருமை. உன் காலோட கட்டிப்போட்டா நான் எங்க பறக்கிறது?"

அவள் அவனை எருமை என்றுதான் கூப்பிடுவாள். ஐந்து வயதிலிருந்தே அப்படித்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி 9.15. மலையடியில் ஆறு வளைகிற இடத்தில் ஒரு மடு இருக்கிறது. கரும்பச்சைத் தண்ணீர். அதன் கரையில் உட்கார்ந்தோம். தெல்பி இடதுகைக்காரி, சாப்பிடுவதும் அந்தக் கையால்தான். கை நடுங்கியது. ஆனாலும் மலை முகட்டை மூன்றே இழுப்பில் கொண்டுவந்துவிட்டாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன.

11.05. தூறல் விழுந்தது. என் அட்டையில் வானம் முழுக்க வழிந்துவிட்டது. இரண்டு மணி நேர உழைப்பு பாழ். எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெல்பி இன்னும் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பெட்டியைத் தூக்கி எறியாத குறையாகக் கத்தினேன்.

"போதும், எல்லாரும் வாங்க! கிளம்பலாம்!"

அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. அம்மா சொன்னது ஞாபகமே வரவில்லை.

இஸ்கோ சிரித்தான். "எல்லாரும்னா? இங்க என்ன ஊர்வலமாடா வந்திருக்கு? மூணு பேருதானே."

இறக்கத்தில் வண்டி திணறியது. இறக்கத்தில்! ஸ்பிரிங் கிரீச்... கிரீச்... என்று கத்தியது. பின்சக்கரம் மண்ணில் அமுங்கிப் போனது.

"என்னடா சாந்தோ, மலையையே பேர்த்து ஏத்திட்டியா?" என்றான் இஸ்கோ. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் மேலே கூரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். எங்கள் ஊரில் கூட்டம் அதிகமானால் கூரையிலும் ஆள் உட்காருவார்கள்.

கூரையில் யாரும் இல்லை. ஓரத்திலிருந்து தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. தூறல் எப்போதோ நின்றுவிட்டது.

11.50. பாலம். புரிங் அக்காவின் சாப்பாட்டுக் கடை முன்னால் வண்டி நின்றது. நானும் இஸ்கோவும் இறங்கிவிட்டோம். தெல்பி மட்டும் கூண்டுக்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

டக்.

வண்டி ஒருமுறை ஆடி, கொஞ்சம் மேலே எழும்பியது. டக்... டக்... டக்... யாரோ ஒவ்வொருவராக இறங்குகிற மாதிரி. நான் எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

"ஸ்பிரிங் போச்சுடா," என்றான் இஸ்கோ. "ஏய் கொசு, இறங்கு. பசி உயிர் போகுது."

தெல்பி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இறங்குறேன், ஐயா."

இஸ்கோ கெக்கெக்கே என்று சிரித்தான். "ஐயாவா! ஜுரத்துல மரியாதையெல்லாம் வந்திருச்சே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சோறும் கருவாடும் வந்தன. தெல்பி வலதுகையால் சாப்பிட்டாள். இரண்டு தட்டு. மூன்றாவது தட்டும் கேட்டாள். காலையில் அரைக் கஞ்சியை முடிக்க முடியாதவள் அவள்.

பிறகு பாலத்தடியில் உட்கார்ந்து அட்டையை எடுத்தோம். மணி 1.20. இரண்டு மணி நேரம் போயிருக்கும், நான் வண்ணம் குழைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"தெல்பி, அந்த மடு பிடிச்சிருந்துச்சா?"

"ரொம்பக் குளிருங்க ஐயா அங்க."

திரும்பினேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முகம் என் பக்கம். கண் என் மேல். வலதுகை மடியில் கிடந்தது.

இடதுகை மட்டும் படம் போட்டுக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. கை தானாக நனைத்தது, தானாகத் துடைத்தது, தானாகப் போட்டது. பிரஷ் சரக்... சரக்... என்று ஓடியது.

எட்டிப் பார்த்தேன். அட்டையில் பாலம் இல்லை. காலையில் உட்கார்ந்த அதே கரை இருந்தது. ஆனால் கீழேயிருந்து பார்த்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தது. கரைமேல் எங்கள் வண்டி போய்க்கொண்டிருக்கிறது. பைக்கில் இஸ்கோ. பின்னால் நான். கூண்டில் தெல்பியின் மஞ்சள் சட்டை. சட்டைக்கு மேலே முகம் போடவில்லை. கூரைமேலும் பின்கம்பியிலும் குட்டிக் குட்டியாகக் கறுப்புக் கோடுகள். பிரஷ் துடைத்த கறை என்று நினைத்தேன்.

இதைப் பார்த்துப் போட வேண்டுமென்றால் மடுவின் நடுவில் இருக்க வேண்டும். கழுத்தளவுத் தண்ணீரில்...

அப்போதுதான் அம்மாவின் குரல் ஞாபகம் வந்தது. முழுப்பேரு. மூணு தடவை. ஐயோ, என் தங்கையை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

"இஸ்கோ, வண்டியத் திருப்பு. மடுவுக்கு."

"பைத்தியமாடா உனக்கு? மேல மழை கறுத்துக்கிட்டு நிக்குது. வெள்ளம் வந்தா மூணு பேரும் காலி."

அட்டையை நீட்டினேன். பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஏறு," என்றான்.

தெல்பி பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். "அங்க வேண்டாங்க ஐயா... அங்க வேண்டாம்..." இரண்டு பேராகத் தூக்கித்தான் ஏற்றினோம். ஐஸ் மாதிரி இருந்தாள்.

ஏற்றத்தில் வண்டி லேசாகப் போனது. ரொம்ப லேசாக. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

4.40. மடு. தண்ணீர் கலங்கி ஏறிக்கொண்டிருந்தது.

இஸ்கோ முழங்கால் தண்ணீரில் நின்று அவளைப் பிடித்துக்கொண்டான். நான் கரையில் நின்று கூப்பிட்டேன்.

"தெல்பினா! வா, வீட்டுக்குப் போலாம்!"

அவள் இஸ்கோவின் பிடியில் திமிறினாள்.

"தெல்பினா! வா, வீட்டுக்குப் போலாம்!"

"இங்கதான் இருக்கேன், ஐயா."

அது அவள் வாயிலிருந்து வந்தது.

"தெல்பினா! வாடி என் தங்கமே, அம்மா காத்துக்கிட்டிருக்கா!"

"அண்ணே..."

இது தண்ணீருக்குள்ளிருந்து வந்தது.

தெல்பி துவண்டு விழுந்தாள். இஸ்கோ அவளோடு சேர்ந்து சரிந்தான். இரண்டு தலையும் ஒரு நொடி தண்ணீருக்குள் போயின. ஒரே ஒரு நொடி. நான் பாய்ந்து அவளை இழுத்தேன். இருமினாள். இடதுகையால் முகத்தைத் துடைத்தாள்.

"குளிருது அண்ணே. ஏன் என்னை விட்டுட்டுப் போனே?"

வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓவென்று அழுதுவிட்டேன்.

5.15. கிளம்பினோம். பல் கிட்டிக்கொண்டிருந்தபோதும் தெல்பி மறக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிரிசாந்தோ, வா. கிரிசாந்தோ, வா. கிரிசாந்தோ, வா" என்றாள்.

இஸ்கோ ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தான்.

வழியெல்லாம் அவன் வாயே திறக்கவில்லை. பயந்துவிட்டான் என்று நினைத்தேன். எங்கள் வாசலில் நிறுத்தி, "பாத்து இறங்குங்க" என்றான். தெல்பியிடம் சொல்கிறான் என்று நினைத்தேன்.

அந்த ராத்திரி மழையில் மலைப்பாதை சரிந்தது. ஒன்பது இடத்தில்.

நான்கு நாள் கழித்து இஸ்கோவின் மனைவி வந்தாள். "உங்க சிநேகிதருக்கு என்ன ஆச்சு? என்னை யாருன்னு கேக்குறாரு. நாள் முழுக்க தண்ணித் தொட்டி பக்கத்துலயே உக்காந்திருக்காரு." நேராக மலைக்கு ஓடினேன்.

பாலத்துக்கு மேலே பாதையே இல்லை. மண் அள்ளிக்கொண்டிருந்த ஆள் தடுத்துவிட்டான். மடுவுக்குப் போக வேண்டும் என்று கெஞ்சினேன்.

"அந்த மடுவுக்கா? பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி புயல்ல ஒரு ஜீப்பு அதுல விழுந்துச்சு. ஒரு உடம்பு கூடக் கிடைக்கல."

"எத்தனை பேரு?"

"பதினோரு பேரு."

வீட்டுக்கு வந்து தெல்பியின் அட்டையை எடுத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கறுப்புக் கோடுகள் கறை இல்லை. கை, கால், தலை இருந்தன. கூரைமேல் ஆறு. பின்கம்பியில் நான்கு. கூண்டில் மஞ்சள் சட்டைக்குள் ஒன்று.

எல்லாரும் வாங்க என்றுதான் நான் கூப்பிட்டேன்.

பத்து பேர் பாலத்தில் இறங்கிவிட்டார்கள். புரிங் அக்கா இப்போது கடைக்கு வருகிறவர்களையெல்லாம் ஐயா என்கிறாளாம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

பதினோராவது ஆள் மடுவுக்குத் திரும்பிப் போகவில்லை.

பாதை திறக்க இன்னும் மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். தினமும் ஆற்றங்கரையில் நின்று, "பிரான்சிஸ்கோ, வா" என்று மூன்று தடவை கத்துகிறேன். அங்கிருந்து மடு ஏழு கிலோமீட்டர். கேட்காது. எனக்கே தெரியும்.

நேற்று மாலை 5.15. கேட் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது. இஸ்கோ. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மழையில்லை. என்னையும் தெல்பியையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தான்.

"கிளம்பலாங்களா, ஐயா?"