ஒசாகாவில் ஒரு மணித்தியாலம்

பதினான்கு வருடங்களாக நான் ஒஸ்லோவில் ஒரு பொய்யை விற்று வந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது. சோற்றின்மேல் பச்சை மீன் வைத்து விற்கும் ஜப்பானியச் சுஷிக் கடையில் சால்மன் மீன் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் ஒரு நோர்வேஜிய அம்மையார், இந்தக் கைவேலையை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். ஒரு வியட்நாம்காரரிடம் மூன்று கிழமை படித்தேன் என்பதுதான் உண்மை. அவருடைய முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்தபிறகு அதைச் சொல்ல மனம் வரவில்லை. எதிரே வினாகிரிப் போத்தல் நின்றது. அதன் ஒட்டுத்தாளில் ஏதோ ஒரு ஊரின் பெயர் இருந்தது. "ஒசாகாவில்" என்றேன். அடுத்த கிழமை முதலாளி, ஒசாகாவில் படித்தவரின் கைவேலை என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார். ஒசாகா ஜப்பானில் எங்கே இருக்கிறதென்று, வீடு இருக்கும் ஹொல்ம்லியாவுக்குத் திரும்பும் ரயிலில்தான் கைபேசியில் தேடிப் பார்த்தேன்.

அந்தக் கடைக்குள் ஒரு வெள்ளிக்கிழமை, கப்பல் நிறுவனமொன்றில் மூன்று வருட வேலைக்காக வந்திருந்த ஜப்பானியப் பொறியியலாளர் ஒருவர் நுழைந்தார். என் வயதுதான் இருக்கும். சுவரை வாசித்தார். என்னைப் பார்த்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சும்மா இருக்காமல், நீங்கள் எந்த ஊர் என்று அவரைக் கேட்டார். "ஒசாகா" என்றார் அவர். நான் குனிந்து, வெட்டிய மீனையே மறுபடி வெட்டினேன். அவரோ அமைதியாக இன்னொரு தட்டுக் கேட்டு வாங்கினார்.

பிறகு ஒவ்வொரு வெள்ளியும் வந்தார். பிள்ளைகளின் படிப்பு, முழங்கால் வலி, பனியில் வழுக்கி விழாமல் நடக்கும் முறை எல்லாம் கதைத்தோம். இருவருக்குமே அந்நியமான நோர்வேஜிய மொழியில், ஒருவர் பிழையை மற்றவர் மன்னித்துக்கொண்டு. ஒசாகாவைப் பற்றி மட்டும் அவர் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நம்புகிறாரா, மனதுக்குள் சிரிக்கிறாரா, தெரியாது. அந்த நாட்டில் எனக்கு அப்படி ஒரு சிநேகிதர் அதற்கு முன் வாய்த்ததில்லை. உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமைகள் இல்லாமல் போய்விடும் என்று பயந்தேன். வேலை முடிந்து அவர் ஊர் திரும்பிய நாளிலும் சொல்லவில்லை.

போன வருடம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது: ஒரு சனி, ஞாயிறு தன்னோடு ஒசாகாவைச் சுற்றிப் பார்க்க வரவேண்டுமாம். பெட்டி அடுக்கும்போது மனைவி சொன்னாள்: "இஞ்சாருங்கோ, இந்த முறையாவது அந்த மனுசனிட்டை உண்மையைச் சொல்லிப்போட்டு வாங்கோ. இல்லாட்டி அங்கையே இருங்கோ."

சனிக்கிழமை கோட்டைக்குப் போனோம். அகழியருகே வாயைத் திறந்தேன். அகழி எவ்வளவு ஆழம் என்று கேட்டு மூடினேன். கால்வாய்ப் பாலத்தில் மறுபடி திறந்தேன். அவர் திறந்த வாய்க்குள் சுடச்சுட ஒரு மாவுருண்டையை வைத்துவிட்டார். வெந்த நாக்கால் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. ரயில் சீட்டு எடுப்பதிலிருந்து செருப்பைக் கழற்றி வைப்பதுவரை, முதன்முதல் வந்தவனுக்குச் சொல்வதுபோல அவர் பொறுமையாக விளக்கிக்கொண்டே வந்தார். அதைக்கூடக் கவனிக்காத அளவுக்கு நான் என் பொய்க்குக் காவல் நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை, ஒரு சந்துக்குள் திறவாத சின்னச் சுஷிக் கடை ஒன்றின் முன்னால் நிறுத்தினார். உள்ளே போனால் கையில் கத்தியைத் தந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர் கதவைத் தட்டுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டினேன்: நான் இங்கே படிக்கவில்லை, இந்த ஊரை நேற்றுத்தான் முதன்முதல் பார்த்தேன், மூன்று வருடமும் உங்களை ஏமாற்றினேன்.

தெரியும், என்றார். முதல் வெள்ளிக்கிழமையே தெரியுமாம். ஒசாகாவில் படித்த எவரும் மீனை அப்படி, குழம்புக்கு வெட்டுவதுபோல வெட்டமாட்டார்களாம். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: இந்தக் கடை உரிமையாளரிடம் உங்களுக்காக ஒரு மணித்தியாலம் கேட்டு வைத்திருக்கிறேன். இனி யாராவது கேட்டால், ஒசாகாவில் படித்தேன் என்று நீங்கள் பயப்படாமல் சொல்லலாம்.

உரிமையாளர் என்னிலும் பத்து வயது இளைய பெண். எனக்கு முன்னால் மீனை அல்ல, ஒரு பாத்திரம் அரிசியை வைத்தார். கழுவினேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார். மூன்று முறை நிறுத்தினார். ஒரு மணித்தியாலம் முடியும்வரை நான் அரிசியைத் தாண்டவில்லை. நடுவில் ஒருமுறை கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்தேன். என் சிநேகிதர் என்னுடைய குளிர்ச்சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தகப்பனைப்போல உட்கார்ந்திருந்தார். கண்ணில் வந்தது அரிசித் தண்ணீர் தெறித்ததால் என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவிக்குச் சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

"அரிசியை வடிவாக் கழுவுங்கோ எண்டு இருபது வரியமா நான் சொல்லேக்கை கேக்கேல்லை," என்றாள். "அதுக்கு ஜப்பானுக்கெல்லோ போகவேண்டிக் கிடந்தது."