கிணற்றுத் தண்ணீரில் கழுவிய பிளாட்டினம்

சந்திரவதனா மிஸ் எதையும் மூன்று தடவை கழுவுகிறவர். பலாபத்வலவில் கறுவா எண்ணெய் வடிக்கும் ஒரு கம்பெனியின் ஆய்வுகூடம் இருபத்திரண்டு வருடமாக அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் முதலாளிக்குப் பயந்தார்களோ இல்லையோ, மிஸ்ஸின் வெள்ளைக் கைக்குட்டைக்குப் பயந்தார்கள். குடுவையைத் துடைத்துப் பார்ப்பார்; கறை ஒட்டினால் தொலைந்தது.

அவர் தேடியது ஒரு வாசனையை. கறுவா எண்ணெயின் மூலக்கூறில் ஹைட்ரஜன் போய் ஒட்ட இரண்டு இடங்கள் உண்டு. ஒன்றில் ஒட்டினால் பூ மணக்கும் மதுசாரம். மற்றதில் ஒட்டினால் அவர்களுக்கு உதவாத வேறொரு பொருள். எங்கே ஒட்டும் என்பது கூடப் போடும் உலோகத் தூளின் மேற்பரப்பைப் பொறுத்தது. மிஸ் சுத்தமான பிளாட்டினத்தை நம்பினார். பிளாட்டினமோ மூன்று வருடமாக அவர் சொல் கேட்காமல், எல்லாவற்றையும் கலந்துகட்டித் தந்துகொண்டிருந்தது.

உதவியாளர் பஹ்மிதா நாவுல என்ற ஊர்ப் பெண். மேலே படிக்க ஆசைப்பட்டவள். ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. காய்ச்சி வடித்த நீரும் தீர்ந்திருந்தது. அவள் பிளாட்டினத் தூளைக் கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரில் கழுவி, அன்றைய சோதனைக்குப் போட்டாள். வாளியெல்லாம் செங்கறை பிடிக்கவைக்கும் தண்ணீர் அது. கழுவியதை ஒளிக்காமல் குறிப்புப் புத்தகத்திலும் எழுதினாள்.

மாலையில் அவளே ஓடிவந்தாள். “மிஸ், மணம் வேற மாதிரி இருக்கு. சாம்பிராணியும் பூவும் சேர்ந்த மாதிரி.”

மிஸ்ஸின் கண் குறிப்புப் புத்தகத்தில் இருந்தது. “கிணத்துத் தண்ணியிலயோ கழுவினீர்? உமக்குக் கவனம் எண்டதே இல்லையோ? ஜன்னலைத் திறந்துபோட்டு எல்லாத்தையும் ஊத்தும்.”

ஊற்றிவிட்டாள். அடுத்த மாதம் தொழில்நுட்பக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நற்சான்றுக் கடிதம் கேட்டாள். ‘நேர்மையானவர், ஆனால் கவனமில்லாதவர்’ என்று மிஸ் எழுதிக் கொடுத்தார். இடம் கிடைக்கவில்லை. வேலையையும் விட்டுவிட்டுப் போனாள்.

இரண்டு வருடம் கழித்து மிஸ் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தார். பிளாட்டினத்தின் மேல் கொஞ்சம் இரும்பு ஒட்டியிருந்தால், மூலக்கூறு அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு, வேண்டிய பக்கமாகத் திரும்பி உட்காருமாம். மிஸ் எழுந்துபோய்க் கிணற்றில் தானே வாளியை இறக்கினார். அன்று மாலை ஆய்வுகூடம் முழுக்கப் பூ மணந்தது. ஐம்பத்தேழு வயதில் அவருக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தால் அல்ல.

மறுநாளே ஒரு சிறு குப்பியோடு நாவுலவுக்கு பஸ் ஏறினார். பஹ்மிதா வீட்டு முன்னறையில் சில்லறைக்கடை வைத்திருந்தாள்; மடியில் கைக்குழந்தை.

“பிழை என்னிலதான், பஹ்மிதா. திரும்பி வாரும்.”

“இனி ஏலாது மிஸ். புள்ள சின்னம்.” சொல்லிக்கொண்டே குப்பியைத் திறந்து முகர்ந்தாள். முகம் அப்படியே மலர்ந்தது. “இதுதான்! இரும்பாலதானே?”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“வாளிக் கறையப் பாத்தா தெரியாதா? அப்பவே நெனச்சேன். இன்னொரு தரம் செஞ்சு பாக்கலாம்னு சொல்லத்தான் ஒருநா உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். அன்னைக்குத்தான் அந்தக் கடிதத்தைக் கையில குடுத்தீங்க. கவனமில்லாதவ சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா மிஸ்?”

கேட்டிருக்க மாட்டார். அது மிஸ்ஸுக்கு நன்றாகத் தெரியும்.

பஹ்மிதா குப்பியை இறுக்கி மூடினாள். குப்பியின் கழுத்தில் ஒரு துளி வழிந்திருந்தது. அதை மூன்று தடவை துடைத்துவிட்டு அவர் கையில் கொடுத்தாள்.