கோயிலில் புளூட்டோவைத் தேடிய நாள்

அந்த ஜூலை மாதம் முழுக்க எங்கள் வீட்டில் புளூட்டோதான். பாண் சாப்பிடும்போது புளூட்டோ, சப்பாத்துப் போடும்போது புளூட்டோ, தலை வாரி இழுத்துவிடும்போதும் புளூட்டோ. பேத்திக்கு அப்போது எட்டு வயது. எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் இதை எழுதுகிறாள். இடையில் அவள் ஏதாவது கூட்டிக் குறைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அமெரிக்காவிலிருந்து அனுப்பிய விண்கலம் ஒன்று ஒன்பதரை வருடம் பறந்து புளூட்டோவுக்குக் கிட்ட வந்திருந்தது. பேத்தி பிறப்பதற்கு முதல் வருடம் புறப்பட்டதாம். கிட்டப் போகப் போகப் படம் அனுப்பிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு மங்கல் புள்ளி. பிறகு தேசிக்காய் அளவில் ஒரு உருண்டை. பிறகு பார்த்தால், ஐயோ, அதன் வயிற்றில் இதய வடிவத்தில் வெளிறிய பெரிய திட்டு! ஒரு மனிதக் கண்ணும் படாத இடத்தில் யாருக்காக அதை இவ்வளவு காலமும் வைத்திருந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். "அது ஐஸ், அம்மம்மா" என்றாள் பேத்தி. ஐஸாக இருந்தால் என்ன, எனக்கு மயிர் கூச்செறிந்தது.

அப்படித் துள்ளிக்கொண்டு திரிந்தவள் ஒருநாள் பள்ளிக்கூடத்தால் அழுதுகொண்டு வந்தாள்.

"என்னடி குஞ்சு, ஆர் அடிச்சது?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை. புளூட்டோ பிளானட் இல்லையாம். எட்டுத்தானாம். கண்ணாடி போட்ட பெடியன் சொல்லிச் சிரிச்சவன்."

விசாரித்தால் அவன் சொன்னது உண்மை. விண்கலம் புறப்பட்டபோது புளூட்டோ முழுக் கிரகம். அது வழியில் போய்க்கொண்டிருக்கும்போதே படித்தவர்கள் கூடிக் கதைத்து, இனி இது குள்ளக் கிரகம் என்று தீர்த்துவிட்டார்கள். விருந்துக்கென்று வெளிக்கிட்டவள் பாதி வழியில் நிற்கும்போது, போகிற வீட்டை வீடே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கும் கோபம் வந்துவிட்டது.

"ஆர் சொன்னது எட்டெண்டு? எங்கடை கோயிலிலை ஒன்பதும் இருக்கு. ஒவ்வொரு சனியும் நான் சுத்தி வாறனானெல்லோ."

"புளூட்டோவும் இருக்கோ?"

"ஒன்பது எண்டால் ஒன்பதும்தானே!"

நான் பொய் சொல்லவில்லை. சனியை சாட்டர்ன் என்கிறார்கள், வியாழனை ஜூபிட்டர் என்கிறார்கள். அதுபோல கேதுவுக்கு இங்கிலீஷில் புளூட்டோ என்று நினைத்திருந்தேன். எங்கள் வரிசையில் கடைசி கேது, அவர்களுடைய வரிசையில் கடைசி புளூட்டோ. கணக்குச் சரியாகத்தானே இருந்தது?

இங்கே, இந்த வெள்ளைக்கார நாட்டில், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஒருமுறை தேவாலயத்துக்கும் ஒருமுறை மசூதிக்கும் ஒருமுறை கோயிலுக்கும் கூட்டிப்போய்க் காட்டுவது வழக்கம். அந்தக் கிழமை எங்கள் கோயிலின் முறை. பேத்தி வகுப்பில் எழும்பி நின்று, எங்கள் கோயில் புளூட்டோவைக் கலைத்துத் துரத்தவில்லை, வந்து பாருங்கள், நான் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். முப்பது பிள்ளைகளும் புளூட்டோவைப் பார்க்கத்தான் வந்தார்கள். உதவிக்கு என்று நானும் சேலை உடுத்திக்கொண்டு பின்னால் போனேன்.

எங்கள் கோயில் முன்பு மேசை, கட்டில் விற்கிற தளபாடக் கடையாக இருந்த கட்டடம். வாசலில் முப்பது சோடிச் சப்பாத்து. சொக்ஸ் மணத்தில் ஊதுபத்தி தோற்றுப்போனது. ஐயர் ஆசையாகச் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார். அதில் கஜுவை, அதுதான் முந்திரிப்பருப்பை, கண்டதும் டீச்சர் பதறிக்கொண்டு ஓடிவந்து மறித்தார், ஒரு பிள்ளைக்கு அது ஒத்துக்கொள்ளாதாம். கடைசியில் ஆளுக்கொரு வாழைப்பழம். பொங்கல் எனக்குத்தான் கூடுதலாகக் கிடைத்தது.

பிறகு நவக்கிரகத்தடிக்கு வந்தோம். ஐயர் ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டாமல் கை நீட்டி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு போனார். நடுவில் சூரியன். பிறகு சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. கடைசி இரண்டும் ராகு, கேது, நிழல் கிரகங்கள் என்றார். அதோடு முடிந்தது.

"வேர் இஸ் புளூட்டோ?" என்றான் கண்ணாடிப் பெடியன்.

முப்பது தலையும் பேத்தியின் பக்கம் திரும்பியது. அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள்.

"அம்மம்மா, கெதியாக் காட்டுங்கோ. எது?"

கேதுவைக் காட்டியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது, ஐயரும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார். ஆனால் சுவாமிக்கு முன்னால் என் விரல் எழும்பவில்லை.

"இதிலை புளூட்டோ இல்லையடி ராசாத்தி. அம்மம்மாதான் பிழையாச் சொல்லிப்போட்டன். உன்னிலை ஒரு பிழையும் இல்லையெண்டு டீச்சரிட்டை அப்பிடியே சொல்லு."

அவளுடைய காது சிவந்தது. திரும்பி நின்று, இங்கிலீஷில் இரண்டே வரி சொன்னாள். பெடியன் சிரிக்க வாயெடுத்தான். டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

டீச்சர் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து சொன்ன கதைதான் கதை! பேத்தி மூச்சு வாங்க வாங்க எனக்குத் தமிழில் சொன்னாள். பழைய காலத்தில் வெள்ளைக்காரரும் சூரியனையும் சந்திரனையும் கிரகம் என்றுதான் எண்ணினார்களாம், வானத்தில் இடம் மாறித் திரிகிறதெல்லாம் கிரகம் என்று. பிறகு செரெஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கன காலம் கிரகமாக வைத்திருந்து, பிறகு கழித்துவிட்டு, இப்போது புளூட்டோவோடு சேர்த்துக் குள்ளக் கிரகம் ஆக்கியிருக்கிறார்களாம். அதையும் ஒரு விண்கலம் இப்போது சுற்றிக்கொண்டிருக்கிறதாம்.

"அப்ப இன்னும் மாறலாமெல்லோ, அம்மம்மா!" அவளுக்கு நின்ற இடத்தில் நிற்க ஏலவில்லை.

கண்ணாடிப் பெடியன் விடுகிற ஆளா? இதில் பூமி எங்கே என்று கேட்டான். இதற்கு எனக்கு மறுமொழி தெரியும்.

"பூமியிலைதானே நிக்கிறம், அதை எப்பிடிச் சுத்தி வாறது எண்டு கேள்."

பேத்தி சொன்னதும் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முப்பது பிள்ளைகளும் ஒன்பது சுற்றுச் சுற்றினார்கள். பெடியன் ஆறாவது சுற்றில் கணக்கைத் தவறவிட்டு அவளிடம் கேட்டான். அவள் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் கையைச் சுரண்டினாள்.

"அம்மம்மா, நீங்கள் சொன்னதை அப்பிடியே டீச்சருக்குச் சொன்னனான்."

"ஓம் குஞ்சு."

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது அவளுடைய எண்ணம். டொக்டரிடம் போனாலும், கவுன்சிலால் ஆள் வந்தாலும், எனக்காகக் கதைப்பது அவள்தான். அதில் அவளுக்கிருந்த பெருமையைக் கெடுக்க மனம் வராமல் நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அவள் பிறக்கும் முன்னே ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், பிளேனுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சனில் பத்து வருடம் நின்றவள் நான். எழுத்துத்தான் தெரியாது, காது கேட்கும். மரக்கறித் தட்டுக்குள் கோழி போய்விட்டால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். வரிசையில் நிற்கிற நாங்கள் எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்ப்போம். பிழையை ஒப்புக்கொள்கிற சொல் ஒருவர் வாயிலும் இலேசில் வராது. இன்னொருத்தியின் பிழைக்காக அந்தச் சொல்லைச் சொன்னவரை நான் கண்டதே இல்லை.

"மை கிராண்ட்மா டோல்ட் மீ ரைட். இட் வாஸ் மை மிஸ்டேக்" என்றுதான் அவள் அன்று சொன்னாள்.

எனக்கு அது சொல்லுக்குச் சொல் விளங்கியது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. புளூட்டோவுக்கு எத்தனை நிலா என்று கேட்டு, என் விரல்களைத் தானே ஒவ்வொன்றாக மடித்து, ஐந்து என்று காட்டிக்கொண்டு வந்தாள்.